‘ஒன்றும் இல்லை’ என்பது பதில் ஆகுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நம் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 11-ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், ‘வீரசோழன்’ என்ற ஆதுலசாலை இங்கே நடந்தது. 15 படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், பணிப்பெண்கள், மருந்துகளின் பட்டியல் எல்லாம் கல்லில் இருக்கிறது. நோயாளிக்கு விளக்கிச் சொல்லத் தனி ஆள் கிடையாது. வைத்தியரே சொல்லியிருப்பார் போலும். இன்று அந்தப் பேச்சுதான் காணாமல் போய்விட்டது.

எங்கள் தெருவில் ஒரு அம்மா. இரண்டு வருடமாகக் கை கால் குடைச்சல், முதுகு வலி, அசதி. ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் நார்மல். போன இடமெல்லாம், “ஒண்ணும் இல்லம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்கிறார்கள். வீட்டிலோ வேலைக்குப் பயந்து நடிக்கிறார் என்ற பேச்சு. அடுத்த டாக்டர், அடுத்த ஸ்கேன். கம்மல் அடகுக் கடைக்குப் போய்விட்டது.

2006-ல் சிக்குன்குனியா வந்தது நினைவிருக்கிறதா? காய்ச்சல் சில நாளில் விட்டது, பலருக்கு மூட்டு வலி மாதக்கணக்கில் நின்றது. சுவரைப் பிடித்து நடந்தவர்களை யாரும் நடிப்பு என்று சொல்லவில்லை. ஊரே படுத்திருந்ததால் நம்பினோம். தனியாக ஒருவருக்கு வலித்தால் நம்ப மாட்டேன் என்கிறோம்.

சோதனையில் தெரியாத வலி பொய் வலி அல்ல. நரம்பும் மூளையும் வலியை எவ்வளவு கூட்டிச் சொல்கின்றன என்பதை நாம் எடுக்கும் ஸ்கேன் காட்டாது. திருடன் போய் நெடுநேரம் ஆகியும் குரைத்துக்கொண்டே இருக்கும் வீட்டு நாய் போல, சில உடம்புகளில் அந்த எச்சரிக்கை அடங்குவதில்லை. தூக்கக் குறைவும் கவலையும், பயந்து அசையாமல் கிடப்பதும் அதை இன்னும் கிளப்பிவிடும். டாக்டர் இப்படிச் சொல்லலாமே: “உங்க வலி நிஜம். ஆபத்தான நோய் இருக்கான்னு பார்த்துட்டோம், இல்லை. நரம்பு ரொம்ப உஷாரா இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா அடக்கலாம். தினம் பத்து நிமிஷம் நடங்க. மூணு வாரம் கழிச்சு வாங்க.”

இது என் கற்பனை இல்லை. இங்கிலாந்தில் இத்தகைய தொல்லை உள்ள 354 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-ல் லான்செட் இதழில் வந்தது. பயிற்சி பெற்ற பொது மருத்துவர்கள் முதலில் நெடுநேரமும், பிறகு சில முறை சிறிது நேரமும் பேசினார்கள். வலியை ஒப்புக்கொண்டார்கள், காரணத்தை விளக்கினார்கள், என்ன செய்வது என்று சேர்ந்து முடிவெடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குத் தொல்லை குறைந்திருந்தது. அற்புதம் ஒன்றும் இல்லை, ஓரளவுதான்.

“நேரம் எங்கே இருக்கு?” என்று டாக்டர் ஆன பிள்ளைகள் கேட்பீர்கள். நியாயம். நம் நாட்டில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 2 நிமிடம்தான் என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அப்படியானால் நர்சுகளுக்கும், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வரும் பெண்களுக்கும் இப்படிப் பேசக் கற்றுக்கொடுக்கலாம். கணக்குப் புரியவில்லை என்று கை தூக்கும் பிள்ளையிடம், “இதில் ஒன்றும் இல்லை, உட்கார்” என்றால் நான் என்ன வாத்தியார்?

ஒன்று மட்டும் கவனம். எடை குறைவது, விடாத காய்ச்சல், கை கால் பலம் போவது என்று புதிதாக எது வந்தாலும் மறுபடி சோதிக்கத்தான் வேண்டும்.

மருத்துவத் துறையில் இருக்கும் என் பிள்ளைகளே, “எல்லாம் வாயு” என்று வந்து உட்காரும் பாட்டியிடம் நீங்கள் பேச்சை எப்படி ஆரம்பிக்கிறீர்கள்? நம் ஊர்ப் பேச்சிலேயே கமெண்டில் எழுதுங்கள்.