புயல் கடலில், தண்ணீர் தறிக்குழியில்: வானிலை அறிக்கையில் காஞ்சிபுரம் எதைப் பார்க்க வேண்டும்?

2024 நவம்பர் கடைசி வாரத்தில் தமிழ்நாடு முழுக்க ஒரே கேள்விதான்: 'இது புயலாகுமா, ஆகாதா?' வங்கக் கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாகும் என்றார்கள். அப்புறம், ஆகாமலேயே கரையைக் கடக்கும் என்றார்கள். கடைசியில் 29-ம் தேதி பிற்பகலில் அது புயலாகவே ஆனது. சவூதி அரேபியா கொடுத்து வைத்திருந்த 'ஃபெஞ்சல்' என்ற பெயரும் வந்தது. அதற்குள் மீம்ஸ் பறந்து முடிந்திருந்தன.

ஆனால் பாதிப்பு வந்தது வேறு பக்கத்திலிருந்து. 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், அங்கேயே மணிக்கணக்கில் நகராமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கு மேல் மழை. மறுநாள் திருவண்ணாமலையில் மண்சரிவில் 7 பேர் உயிரிழந்தனர். புயல் வலுவிழந்த பிறகுதான் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. கொட்டியது. அது கடலே தெரியாத ஊர். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின.

வேகத்தைப் பார்த்தால் ஃபெஞ்சல் பெரிய புயலே இல்லை. கரையைக் கடக்கும்போது காற்று மணிக்கு 70-80 கி.மீ.தான். அப்படியென்றால் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தப்பா? கடலில் இருப்பவருக்கு அது சரியான கேள்விதான். காஞ்சிபுரம் மாதிரி உள்நாட்டு ஊருக்கு அது பாதிக் கேள்வி.

புயல் என்ற பெயர் எதை அளக்கிறது?

காற்றை மட்டும். மணிக்கு 31 கி.மீ. முதல் 49 கி.மீ. வரை காற்று சுழன்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல், பெயர் கிடைக்கும். 89-க்கு மேல் தீவிரப் புயல். இந்தப் பட்டியலில் மழைக்கு இடமே இல்லை. எத்தனை செ.மீ. பெய்யும், எத்தனை மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் என்பதை வைத்து யாரும் பெயர் சூட்டுவதில்லை.

மீனவருக்கு இந்த அளவுகோல் போதும். காற்றும் அலையும்தான் அவர் படகைக் கவிழ்க்கின்றன. 2017 ஒக்கி அதை மறக்க முடியாதபடி காட்டியது. நவம்பர் 29, 30 தேதிகளில் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒரு தாழ்வு மண்டலம் ஒரே நாளில் புயலாக மாறியபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கை கரைக்கு வந்தது, கடலுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே செய்தி அனுப்பும் கருவிகளுக்கு வேகம் கிடைத்தது. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், நீரோட்டம், கள்ளக்கடல் என்று தனித்தனியாகக் கணித்துச் சொல்கிறது. துறைமுகங்களில் ஏறும் புயல் கூண்டு எண்களும் இதே உலகத்துக்கானவை.

காஞ்சிபுரம் இந்த உலகத்தில் இல்லை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது மாமல்லபுரம், கல்பாக்கம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இப்போது கடற்கரையே கிடையாது. 'கடலோர மாவட்டங்கள்' என்று அறிக்கை தொடங்கினால், இங்கே இருப்பவர் அடுத்த செய்திக்கு ஸ்க்ரோல் செய்துவிடலாம். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் இங்கே பெய்வது பெரும்பாலும் வங்கக் கடலிலிருந்து வரும் மழைதான்.

பெயரில்லாதவைதான் முழுகடித்தன

2015 டிசம்பர் 1-ஐ எடுத்துக்கொள்ளலாம். அன்று கடலில் பெயர் வைத்த புயல் எதுவும் இல்லை. இருந்தும் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அப்போது இரண்டுமே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. சென்னை வெள்ளம் என்றே பேசினாலும், அந்த மழையில் பெரும்பங்கு கொட்டியது அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான்.

இன்னொன்று 2021 நவம்பர் 19. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அதிகாலையில் கரையைக் கடந்தது வெறும் தாழ்வு மண்டலம். புயல் கூட இல்லை. ஆனால் அது உள்ளே போய் ஆந்திரத்தின் திருப்பதி, கடப்பா, சித்தூர் பக்கம் கொட்டிய மழையில் கடப்பா மாவட்டத்தின் அன்னமய்யா அணை உடைந்தது. சித்தூர் மலைகளில் விழுந்த தண்ணீர் பொன்னையாற்றின் வழியே பாலாற்றில் இறங்கியது. வருடக்கணக்கில் மணலாகக் கிடந்த பாலாறு, காஞ்சிபுரம் பக்கம் கரை தொட்டு ஓடியது. உள்ளூரில் மழை நின்ற பிறகு வந்த வெள்ளம் அது.

நகரத்துக்குள் ஓடும் வேகவதியும் செய்யாறும் பாலாற்றோடு சேர்வது வாலாஜாபாத் அருகே திருமுக்கூடலில். பாலாறு நிறைந்து போனால் வேகவதி வடிவது மெதுவாகும். போதாததற்கு அதன் கரையெல்லாம் ஆக்கிரமிப்பு. ஆக, காஞ்சியில் ஒரு தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும் மேகம் நூறு கி.மீ. தள்ளி இன்னொரு மாநிலத்தில் இருக்கலாம். புயல் வரைபடத்தில் கரையைத் தொடும் அந்தப் புள்ளியை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

தறிக்கு என்ன ஆகும்?

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடுதான் பட்டறை. குழித்தறி என்றால் பெயரிலேயே இருக்கிறது: தரையில் குழி தோண்டி, அதில் கால் விட்டு உட்கார்ந்து மிதிப்பது. தொடர் மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வராவிட்டாலும், நிலத்தடி நீர் ஏறி குழியில் ஊறும். நீர் வடிந்தாலும் ஈரம் போகாது. ஈரக் காற்றில் பட்டு இழை விறைப்பு இழக்கும், ஜக்காடு அட்டைகள் நமுத்துப் போகும், சாயம் ஏற்றிய பட்டு காயாது. பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக் காய வைக்க வெயில் வேண்டும்.

கூலி, நெய்து முடித்த சேலைக்குத்தான். தறி நின்ற நாட்களுக்கு யாரும் எதுவும் தருவதில்லை. இதில் இன்னொரு சிக்கல் காலண்டர். தை முகூர்த்தங்களுக்கான சேலை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் தறியில் இருக்கும். புயல் சீசனும் அதேதான். மழைக்கால நிவாரணம் கேட்டு நெசவாளர் சங்கங்கள் குரல் எழுப்புவது புதிதல்ல. கடலில் மீன்வரத்து குறையும் காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு சிறப்பு உதவித்தொகை தருகிறது. அந்த மாதிரி ஒன்றை இவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சரி, அறிக்கையில் எதைத்தான் பார்ப்பது?

வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை நான்கு கட்டமாக வரும். கரையைக் கடப்பதற்குச் சுமார் 72 மணி நேரத்துக்கு முன் முன்னறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் உஷார் நிலை, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை. டிவியில் ஓடுவதெல்லாம் இந்த மூன்றும்தான். நான்காவது, சுமார் 12 மணி நேரத்துக்கு முன் வருவது: கரையைக் கடந்த பிறகு எந்தத் திசையில் நகரும், உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்பது. பெரும்பாலும் யாரும் படிக்காத இந்தப் பகுதிதான் காஞ்சிபுரத்துக்கான பகுதி.

அதில் முதலில் தேட வேண்டியது நகரும் வேகம். மணிக்கு 15 கி.மீ.-ல் நகரும் புயல் சில மணி நேரத்தில் தாண்டிப் போய்விடும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது அப்படித்தான். 'நகராமல் நிலைகொண்டுள்ளது' என்று வந்தால் கவனம். ஃபெஞ்சலின்போது காஞ்சிபுரம் மாவட்டமும் ரெட் அலர்ட் பட்டியலில் இருந்தது. புயல் நின்ற இடம் கொஞ்சம் வடக்கே தள்ளியிருந்தால் 50 செ.மீ. பதிவான ஊர் வேறாக இருந்திருக்கும்.

அடுத்தது மழையின் அடைமொழி. கனமழை என்றால் 7 முதல் 11 செ.மீ. மிக கனமழை 12 முதல் 20. அதி கனமழை 21 செ.மீ.-ம் அதற்கு மேலும். அறிக்கையில் ஒரு சொல் கூடினால் தண்ணீர் இரண்டு மடங்கு.

எச்சரிக்கை மாவட்ட அளவில் வருவது பெரிய குறை. சென்னையை ஒட்டிய குன்றத்தூரும் தெற்கே உத்திரமேரூரும் ஒரே நிறத்தில்தான் வரும். இந்தக் குறையைக் கொஞ்சம் சரிக்கட்டுவது மூன்று மணி நேரத்துக்கான உடனடிக் கணிப்பு. சென்னைத் துறைமுகம், ஸ்ரீஹரிகோட்டா, காரைக்கால் டாப்ளர் ரேடார்கள் மேகத்தை நேரடியாகப் பார்ப்பதால் அது ஓரளவு நம்பகமானது. 'மௌசம்', 'டிஎன் அலர்ட்' செயலிகளில் கிடைக்கும். தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் மாதிரி ஆர்வலர்களைப் பலர் பின்தொடர்வதற்கும் இதுதான் காரணம்: அவர்கள் மாவட்டமாகப் பேசாமல் ஊராகப் பேசுகிறார்கள்.

கணிப்பு தவறுவது அலட்சியத்தால் மட்டும் இல்லை. அமெரிக்காவில் சூறாவளிக்குள் விமானம் ஓட்டிக் காற்றையும் அழுத்தத்தையும் நேரில் அளக்கிறார்கள். வங்கக் கடலில் அந்த வழக்கம் இல்லை. செயற்கைக்கோள் படங்கள், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் நிறுத்தியிருக்கும் சில மிதவைகள், கரையை நெருங்கியபின் ரேடார். இவற்றை வைத்துத்தான் 61-ஆ 62-ஆ என்று முடிவு செய்கிறார்கள். சமீப ஆண்டுகளில் 24 மணி நேரத்துக்கு முந்தைய கணிப்பில் பாதை விலகல் சராசரியாக 70-80 கி.மீ. உலகத் தரத்தில் இது நல்ல கணக்குதான். ஆனால் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் இருப்பதும் கிட்டத்தட்ட அதே தூரத்தில்.

மீனவருக்குத் தனி அறிக்கை உண்டு. விவசாயிக்கு வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், வேளாண் வானிலை ஆலோசனை வருகிறது: எப்போது உரம் போடலாம், எப்போது அறுக்கலாம் என்று. நெசவாளருக்கு அப்படி எதுவும் கிடையாது. தேவையான தகவலில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது, காற்றின் ஈரப்பதம் உட்பட. அடுத்த இரண்டு நாளில் பாவு காயுமா, குழியிலிருந்து அட்டையையும் நூலையும் எடுத்துப் பரணில் ஏற்ற வேண்டுமா, பாலாற்றில் மேலேயிருந்து எவ்வளவு வருகிறது என்று தமிழில் நாலு வரி, முதல் நாள் மாலையே போனுக்கு வந்தால் போதும். அதை யார் அனுப்புவது, வானிலை மையமா கைத்தறித் துறையா என்பது இன்னும் முடிவாக வேண்டிய விஷயம். அக்டோபருக்கு முன்னாலேயே.