தையல் புத்தகத்தில் ஒரு வலை

நாகப்பட்டினத்தில் கம்பளி நூல் கேட்டுக் கடை ஏறினால், கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். மார்கழிப் பனியையே தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு சமாளித்துவிடுகிற ஊர் இது. என் ஊசிகளுக்கு வேலை கொடுப்பவர்கள் எல்லாம் வெளியூர்க் குழந்தைகள். இப்போது பின்னிக்கொண்டிருப்பது பெங்களூரில் இருக்கும் அண்ணன் பேத்திக்குக் காலுறை. காலுறையில் கஷ்டம் குதிகால் திரும்பும் இடம்தான். அதைச் சரியாகச் சொல்லித்தர ஆள் தேடித்தான் அலமாரி மேல்தட்டிலிருந்து பழைய கைவேலைப் புத்தகங்களை இறக்கினேன்.

உப்புக்காற்றில் தாள் நமத்துப்போகும். மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். அதற்கும் தப்பியவை மூன்று. ஒன்று, அட்டை போன பிரிட்டிஷ் நிட்டிங் புத்தகம். அதில் ஊசி எண் தலைகீழ்: எண் ஏற ஏற ஊசி மெலியும். 8ஆம் எண் 4 மில்லிமீட்டர், 14ஆம் எண் 2 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் அதே 8 என்பது 5 மில்லிமீட்டர். பழைய புத்தகத்தைத் திறப்பவர்கள் முதலில் அது எந்த ஊர்ப் புத்தகம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் குழந்தைக் குல்லா தாத்தா தலைக்குத்தான் ஆகும்.

இரண்டாவது, அத்தை ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது தயாரித்த தையல் ரெக்கார்டு நோட்டு. ஓட்டுத்தையல், சங்கிலித்தையல், காஜா, கிழிசல் அடைப்பது என்று பக்கத்துக்கு ஒரு துணித்துண்டு. விளக்கம் அரை வரிகூட இல்லை. ஆனால் துண்டைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தால் நூல் எங்கே புகுந்து எங்கே வந்தது என்பது தெரிந்துவிடும். எந்த அச்சுப் படமும் அதைக் காட்டாது. தமிழ்ப் பெண்களுக்கு ஊசிவேலை பாடமாக வந்தது பெரும்பாலும் மிஷன் பள்ளிகள் வழியே. நாகர்கோவிலில் 1820களில் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தில் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். அத்தையின் நோட்டுக்கு மதிப்பெண் போட்டவருக்கு அந்தக் கதை தெரிந்திருக்குமா!

மூன்றாவதுதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தது: தெரேஸ் த தில்மோன் எழுதிய கைவேலைக் கலைக்களஞ்சியம். ஆஸ்திரியாவில் பிறந்த அவர், மூலூஸ் நகரத்து டிஎம்சி நூல் கம்பெனிக்காக எழுத, 1886இல் வெளிவந்தது. எந்த வேலையைச் சொன்னாலும் கூடவே இன்ன டிஎம்சி நூல் என்று வந்துவிடும். நூல் விற்கப் போட்ட புத்தகம், சந்தேகமே இல்லை. ஆனாலும் இந்தக் கால விளம்பரக் கையேடுகள் பொருளைச் செய்யச் சொல்லித்தருகின்றன. தில்மோன் கைக்குச் சொல்லித்தருகிறார். குதிகாலுக்கே பல வகை வைத்திருக்கிறார்.

குதிகால் முடிந்து பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனால், கடைசிப் பகுதியில் வலை! தையல், நிட்டிங், குரோஷாவுக்குச் சமமாக வலை பின்னலுக்குத் தனி அத்தியாயம். இரண்டு முனையும் பிளந்த ஊசி, கண் அளவுக்கு ஒரு குச்சி, முடிச்சு விழும் விதம் என்று படம் படமாக. ஐரோப்பியச் சீமாட்டிகள் இப்படி வலை பின்னி, அதன்மேல் பூவேலை செய்து மேசைவிரிப்பாக்கினார்கள்.

புத்தகத்தோடு அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்க, கரையெல்லாம் வலை விரித்துப் பழுதுபார்ப்பார்கள். ஒரு பெரியவர் படத்தை வாங்கி வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார்.

“நம்ம வலை ஊசில்ல இது! இரும்புல செஞ்சிருக்கான்.”

“முடிச்சு சரியா இருக்கா பாருங்கண்ணே.”

“நம்ம முடிச்சேதாம்மா. குச்சிதான் எனக்கு வேணாம். இந்த ரெண்டு வெரலே அளவு.”

பேசிக்கொண்டே, கிழிந்த இடத்தில் கண்களை ஒன்றுபோல எடுத்துக் கட்டிக்கொண்டு போனார். இயந்திரத்தில் பின்னிய நைலான் வலை வந்தபின் புது வலையைக் கையால் போடும் வேலை இல்லை. கிழிசல் மட்டும்தான் கைக்கு வருகிறது என்றார்.

மூலூஸில் 1886இலேயே வலையைக் கைவேலை வரிசையில் வைத்துவிட்டார்கள். நான் பார்த்த கைவினைக் கண்காட்சிகளில் குரோஷா உண்டு, எம்பிராய்டரி உண்டு, வயர் கூடைகூட உண்டு. அக்கரைப்பேட்டை வலை கிடையாது. ஆண்கள் வயிற்றுப்பாட்டுக்குச் செய்வதைக் கைவினை என்று சொல்ல நமக்கு ஏனோ மனம் வருவதில்லை. இது சுத்த அசட்டுத்தனம்.

தில்மோனின் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது; அது அழியாது. உங்கள் வீட்டுப் பரணில் அம்மாவின் தையல் நோட்டு இருந்தால் பழைய பேப்பர்காரர் தராசில் வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து வையுங்கள். கரையோரத்தில் இருப்பவர்கள் வலை கட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை போகும் விதத்தைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும். தடைக்காலத்திலேயே போங்கள், ஜூன் 15 பிறந்துவிட்டால் பேச அவர்களுக்கு நேரம் இருக்காது.