மின்னூற் கருவியும் அதன் மின்கலமும்

ஏட்டிலும் அச்சுப் புத்தகத்திலும் பயின்றுவந்த கல்வி இந்நாளில் மின்னூற் கருவிகளிலும் நடைபெறுவது யாவரும் அறிந்ததே. அவற்றைக் கைக்கொண்ட மாணவர் பலர், வாரக்கணக்காய் நிற்குமென விளம்பரஞ் செய்யப்பெற்ற மின்கலம் சின்னாட்களிலேயே வற்றுகின்றதெனக் குறை கூறுவர். இக்குறையின் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

2007-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனத்தார் வெளியிட்ட கிண்டில் முதலிய கருவிகளின் திரையில், நுண்ணிய உறைகளுக்குள் மின்னேற்றமுடைய கரிய துகள்களும் வெள்ளைத் துகள்களும் மிதக்கின்றன. மின்விசைக்கேற்ப அவை இடம்பெயர்தலால் எழுத்துத் தோன்றும். தோன்றிய எழுத்து நிலைத்து நிற்றற்கு மின்சாரம் வேண்டுவதின்று. பக்கந் திருப்புங்காலே திரைக்குச் செலவு உண்டு. ஆதலின் படிப்பவர் ஒரு பக்கத்தில் நெடுநேரம் ஆழ்ந்திருத்தலால் திரை மின்கலத்தை வற்றச் செய்வதன்று.

பின் வற்றச் செய்வன யாவை? முதலாவது, கம்பியில்லாத் தொடர்பு. அலை மெலிந்த இடத்தில் கருவி நிலையத்தை ஓயாது தேடி உழலும். இரண்டாவது, புதிய நூல்கள் பல ஒருங்கே வந்திறங்குங்கால், அவற்றின் சொற்களையெல்லாம் தேடுதற்கேற்ப அட்டவணைப்படுத்தும் உள்வேலை. மூன்றாவது, 2012-இல் வந்த பேப்பர்வைட் முதலியவற்றில் அமைந்த திரைவிளக்கு.

இனி, விளம்பரத்தையும் எண்ணிப் பார்ப்போம். அப்பேப்பர்வைட்டுக்குக் கூறப்பட்ட 8 வாரம் என்பது, கம்பியில்லாத் தொடர்பை நிறுத்தி நாளொன்றுக்கு அரைமணி நேரமே படித்தலைக் கொண்டு கணித்தது. கூட்டினால் வருவது 28 மணி நேரம். தேர்வு நெருங்கிய மாணவர் நாடோறும் 4 மணி நேரம் படிப்பாராயின் அஃது ஒரு வாரத்திற் கழியும். இதனைப் பொய்யென்று கூறோம். எனினும் வாரம் என்னும் பெரிய எழுத்தின் கீழ் நிபந்தனையைச் சிறிய எழுத்தில் வைத்தல் நேர்மைக்கு அழகன்று. படிக்கும் மணி நேரத்தாலேயே அளவு கூறுதல் தக்கது.

மற்றொன்றுங் கூறுவோம். முதற் கிண்டிலின் மின்கலத்தைப் பின்மூடி கழற்றி உடையவரே மாற்றலாம். 2009-இல் வந்த இரண்டாவதில் அவ்வசதி நீக்கப்பட்டது. ஆண்டுகள் செல்ல லித்தியம் மின்கலம் தேய்வது இயல்பாதலின், மின்கலம் ஒன்று தளர்ந்தமைக்காக நல்ல கருவி முழுவதையும் எறிதல் வீண் செலவாம். ஏழை மாணவர்க்கு இது சிறிய இழப்பன்று.

நூலைப் பெறுங்கால் தொடர்பைத் திறந்து, பெற்றபின் மூடுக. விளக்கைத் தேவையளவே ஏற்றுக. இங்ஙனஞ் செய்வார்க்கு மின்கலமும் நீடிக்கும், சிந்தையும் சிதறாது நூலிற் செல்லும்.