அபாய மணி அடித்தது. யார் காதிலும் விழவில்லை!

ஒரே ஒரு கட்டளை. ஓரிரு விநாடிகள். 300 ஜிகாபைட் அளவுள்ள கணக்கு அழிந்தது. மிஞ்சியது நாலரை ஜிகாபைட்தான்!

ஒரு ஜிகாபைட் இடத்தில் பல நூறு புத்தகங்களின் எழுத்துக்களை அடக்கிவிடலாம். அப்படியானால் அழிந்தது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இது 2017-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி இரவு நடந்தது. நடந்த இடம் "கிட்லேப்" என்ற கம்பெனி. அழித்தவர் பகைவர் அல்ல, திருடரும் அல்ல. அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் என்ஜினீயர்தான். வேலை நேரம் முடிந்த பிறகும் இருந்து, பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்.

அன்று அந்தக் கம்பெனி கற்ற பாடம், கம்ப்யூட்டர் வேலை செய்வோருக்கு மட்டும் உரியது அல்ல. கணக்கு எழுதி வைக்கும் எந்த வீட்டுக்கும் உரியது.

இரண்டு மேஜை, இரண்டு நோட்டு

கிட்லேப் செய்யும் தொழில் என்ன? புரோகிராம் எழுதுவோருக்குப் பதிவேடு வைத்துக் கொடுப்பது.

புரோகிராம் என்பது கம்ப்யூட்டருக்கு மனிதன் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்பு. ரயில் டிக்கெட் எடுப்பது, வங்கிப் பணம் அனுப்புவது, காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வது எல்லாம் இன்று இந்தக் கட்டளைகளால் நடக்கின்றன. ஒரு பெரிய புரோகிராமில் பல லட்சம் வரிகள் இருக்கும். அதை ஒருவரே எழுதுவது இல்லை. பத்துப் பேர், நூறு பேர், சில சமயம் ஆயிரம் பேர் எழுதுகிறார்கள்.

ஒருவர் எழுதியதன் மேல் மற்றொருவர் எழுதிவிட்டால் என்ன ஆகும்? நேற்று ஓடிய புரோகிராம் இன்று ஓடாவிட்டால், எந்த வரியை, யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று கண்டுபிடிப்பது எப்படி? அதற்குத்தான் பதிவேடு. ஒவ்வொரு மாற்றமும் தேதியோடும், மாற்றியவர் பெயரோடும், காரணத்தோடும் அதில் ஏறும். வேண்டுமானால் போன வாரம் இருந்த நிலைக்கே புரோகிராமைத் திருப்பிக் கொண்டு போகலாம்.

கல்யாண வீட்டில் மொய் எழுதுவதை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கூட்டம் அதிகம். இரண்டு மேஜை போட்டு, இரண்டு பேர் தனித்தனி நோட்டில் எழுதுகிறார்கள். இரவில் இரண்டையும் ஒரே நோட்டில் சேர்க்க வேண்டும். ஒரு நோட்டில் "பெரிய மாமா 501" என்று இருக்கிறது. மற்றதில் அதே "பெரிய மாமா 1001" என்று இருக்கிறது. எது சரி? சேர்த்து எழுதுகிறவர் தாமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு மேஜைக்காரர்களையும் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.

புரோகிராம் பதிவேடும் அப்படியே. தனியாக எழுதுவதற்குக் "கிளை" என்று பெயர். பிறகு சேர்ப்பதற்கு "இணைப்பு" என்று பெயர். ஒரே வரியை இருவர் இருவிதமாக மாற்றியிருந்தால் அது "முரண்". முரண் வந்தால் பதிவேடு அங்கேயே நின்றுவிடும். இரண்டு வரிகளையும் அடுத்தடுத்துக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. அது பழுது அல்ல. பதிவேடு தன் கடமையைச் செய்கிறது. அடுத்தவரைக் கேட்காமல், தம் வரியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் வரியை அடித்துவிடும்போதுதான் தவறு நேர்கிறது.

இரவல் பதிவேடு பட்ட பாடு

இந்தப் பதிவேட்டு முறை புதியது அல்ல. 1972-ம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் இதற்கென ஒரு புரோகிராம் எழுதினார். அதன் பின் பலர் பல முறைகளைக் கொண்டு வந்தார்கள்.

இன்று உலகில் மிகுதியாகப் புழங்குவது "கிட்" என்ற பதிவேடு. அது பிறந்த கதை சுவையானது.

"லினக்ஸ்" என்ற புகழ்பெற்ற புரோகிராமை உண்டாக்கியவர் பின்லாந்து நாட்டில் பிறந்த லினஸ் டார்வால்ட்ஸ். ஆண்ட்ராய்டு டெலிபோன்களுக்கு உள்ளே ஓடுவதும் லினக்ஸ்தான். 2002-ம் ஆண்டு முதல் லினக்ஸ் வேலைக்கு ஒரு தனியார் கம்பெனியின் பதிவேட்டை அவர் பயன்படுத்தி வந்தார். கம்பெனி அதை இலவசமாகக் கொடுத்திருந்தது. 2005-ம் ஆண்டில் அந்தச் சலுகை நின்றது. இரவல் வாங்கியதை உடையவர் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது?

டார்வால்ட்ஸ் சொந்தமாக ஒன்றை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 3-ந் தேதி வேலை தொடங்கியது. 7-ந் தேதிக்குள், அந்தப் புதிய பதிவேடு தன்னுடைய சொந்தக் கட்டளைகளையே தனக்குள் பதிந்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதுவே கிட். அதே ஆண்டு ஜூலை மாதம், பராமரிக்கும் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் அவர் ஒப்படைத்தார்.

கிட் பதிவேட்டில் ஒரு விசேஷம் உண்டு. பதிவேடு ஓர் அலுவலகத்தில் மட்டும் இருப்பது இல்லை. வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும், வழக்கமாக, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முழு நகல் இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு முத்திரை எண் உண்டு. பழைய பக்கத்தில் ஒரே ஓர் எழுத்தை யாராவது திருத்தினாலும், அதற்குப் பின் வரும் முத்திரை எண்கள் எல்லாம் மாறிவிடும். கள்ளத்தனம் வெளிப்பட்டுவிடும்.

இத்தனை நகல் இருக்கும்போது எதுவும் அழியாது என்று பலர் எண்ணினார்கள். ஆபத்து அந்த எண்ணத்தில்தான் இருந்தது!

ஐந்து பூட்டும் பூட்டவில்லை

கிட்லேப் கம்பெனியில் அன்று இரவு என்ன நடந்தது?

அங்கே கணக்கு வைக்க முதல் கம்ப்யூட்டர் ஒன்று. அதைப் பார்த்து நகல் எடுக்க இரண்டாவது கம்ப்யூட்டர் ஒன்று. அன்று வேலைப் பளுவால் இரண்டாவது பின்தங்கிவிட்டது. அதைக் காலி செய்துவிட்டு, மறுபடி நகல் எடுக்க வேண்டும். என்ஜினீயர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். இரண்டாவது கம்ப்யூட்டரில் இருப்பதாக நினைத்தார். இருந்ததோ முதல் கம்ப்யூட்டரில்! ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

போகட்டும், சேமித்து வைத்த நகலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தேடினார்கள். காப்புக்கென ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. நம்பி எடுக்கத்தக்கதாக ஒன்றுகூட இல்லை.

தினசரி நகல் போய்ச் சேர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நகல் எடுக்கும் கருவி பழைய பதிப்பு. கணக்கு வைத்த கருவி புதிய பதிப்பு. இரண்டும் ஒத்துப்போகாததால் நகல் எடுக்கும் வேலை ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றால் கடிதம் அனுப்ப ஏற்பாடு உண்டு. கடிதங்களும் புறப்பட்டன. ஆனால் அவற்றில் உரிய முத்திரை இல்லை என்று தபால் ஏற்பாடு அவற்றை நிராகரித்துவிட்டது. அபாய மணி அடித்தது. யார் காதிலும் விழவில்லை!

காப்பாற்றியது எது? வேறொரு வேலைக்காக ஓர் என்ஜினீயர் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல். அதைத் திருப்பிக் கொண்டுவர ஏறக்குறைய 18 மணி நேரம் பிடித்தது. இடையில் எழுதப்பட்டவை போனது போனதுதான். சுமார் 5,000 திட்டங்களையும், 5,000 கருத்துரைகளையும், 700 புதிய கணக்குகளையும் அது பாதித்தது என்று கம்பெனி மதிப்பிட்டது.

புரோகிராம் பதிவேடுகள் மட்டும் தப்பின. அவை வேறு இடத்தில் இருந்தன. அவற்றைச் சுற்றி எழுதப்பட்ட முறையீடுகள், விவாதங்கள், பெயர்க் கணக்குகள்தான் அழிந்தன.

கண்ணாடி காப்பு ஆகாது

பதிவேடுகளே போக இருந்த கதையும் உண்டு.

"கே.டி.இ." என்பது உலகெங்கும் உள்ள தொண்டர்கள் கூடி இலவச மென்பொருள் எழுதும் அமைப்பு. 1996-ம் ஆண்டு தொடங்கியது. அதன் கிட் பதிவேடுகள் சுமார் 1,500. அவற்றுக்குப் பல இடங்களில் நகல் கம்ப்யூட்டர்கள் இருந்தன. 2013-ம் ஆண்டு மார்ச் மாதம் தலைமைக் கம்ப்யூட்டரைப் பழுது பார்த்துத் திரும்ப ஓட்டினார்கள். உள்ளே பதிவுகள் சிதைந்து போயிருந்தன. நகல் கம்ப்யூட்டர்கள் வழக்கம்போல் தலைமையைப் பார்த்தன. தலைமையில் பதிவேடுகள் இல்லை என்று எண்ணி, தங்களிடம் இருந்தவற்றையும் அழித்துவிட்டன!

புதிதாக வைக்கப்பட்டிருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டரில் நல்ல நகல் அதிர்ஷ்டவசமாக மிஞ்சியது. அதனால் பல ஆண்டு உழைப்பு பிழைத்தது.

நகல் கம்ப்யூட்டர் கண்ணாடி போன்றது. முகம் சிரித்தால் அதுவும் சிரிக்கும். முகத்தில் காயம் பட்டால் அதிலும் காயம் தெரியும். காப்பு என்பது வேறு. மூலத்தில் என்ன நடந்தாலும் தான் மாறாமல், தனியே இருப்பதுதான் காப்பு.

குடும்பங்களுக்கும் இது பொருந்தும். டெலிபோனில் உள்ள கல்யாணப் படங்கள் வேறோர் இடத்திலும் தெரிகின்றன என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழியும்படி இணைத்திருந்தால், அது கண்ணாடிதான், காப்பு அல்ல.

சாவியைப் பேரேட்டில் எழுதலாமா?

பதிவேட்டினால் வரும் மற்றொரு ஆபத்து, அது எதையும் மறப்பது இல்லை என்பது.

2016-ம் ஆண்டு "ஊபர்" வாடகைக் கார் கம்பெனியின் தனிப் பதிவேட்டுக்குள் இருவர் நுழைந்துவிட்டார்கள். புரோகிராம் வரிகளுக்கு நடுவே, கம்பெனியின் தகவல் கிடங்கைத் திறக்கும் சாவிச் சொல் எழுதப்பட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு கிடங்கைத் திறந்தார்கள். உலகெங்கும் 5 கோடியே 70 லட்சம் பேரின் பெயர், டெலிபோன் எண் போன்ற விவரங்கள் பறிபோயின. அமெரிக்க டிரைவர்கள் சுமார் 6 லட்சம் பேரின் லைசென்ஸ் எண்களும் போயின.

கம்பெனி திருடியவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து, விஷயத்தை மூடி வைத்தது. 2017-ம் ஆண்டு நவம்பரில்தான் உண்மை வெளியே வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க மாகாணங்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது.

பதிவேட்டில் ஒருமுறை ஏறிய சாவிச் சொல்லை மறுநாள் நீக்கினாலும் பயன் இல்லை. பழைய பக்கத்தைப் புரட்டினால் அது அங்கேயே இருக்கும். அப்படி நேர்ந்தால் முதல் வேலை, பூட்டையே மாற்றுவதுதான். உலகின் மிகப் பெரிய பதிவேட்டு நிலையமான "கிட்ஹப்", சாவிச் சொல் போன்ற எதுவும் பொதுப் பதிவேடுகளில் ஏறாதபடி வாசலிலேயே தடுக்கும் ஏற்பாட்டை 2024-ம் ஆண்டில் எல்லோருக்கும் பொதுவாக்கியது. இந்தத் தவறு எத்தனை சகஜம் என்பதற்கு அதுவே சாட்சி.

என்ன செய்ய வேண்டும்?

பதிவேடு தொடங்கும் குழுவினர் கவனிக்க வேண்டியவை சிலவே.

முதலில், ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரில் பதிய வேண்டும். ஒரே பெயரில் பலர் எழுதினால், பிழை வந்தபோது யாரைக் கேட்பது?

தலைமைக் கிளையில் யாரும் நேரே எழுதக் கூடாது. தனிக் கிளையில் எழுதி, மற்றொருவர் படித்துப் பார்த்து, ஓட்டிச் சோதித்த பிறகே இணைக்க வேண்டும்.

அடுத்தவர் பதிவின் மேல் தம் பதிவை வலுக்கட்டாயமாக ஏற்றும் கட்டளை ஒன்று கிட்டில் உண்டு. தலைமைக் கிளையில் அதற்குத் தடை போட வேண்டும். தடையை மீறி நேர்ந்துவிட்டால் பதற வேண்டாம். அவரவர் கம்ப்யூட்டரில் கிட் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது. கைவிடப்பட்ட பதிவுகளும் வழக்கமாக 30 நாள் வரை அதில் இருக்கும். அவசரப்பட்டு எதையும் துடைக்காமல், விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டால் மீட்டுவிடலாம்.

காப்பு நகல் வேறொரு இடத்தில், மூலத்தோடு இணையாமல் இருக்க வேண்டும். அதற்கு ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டும். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பு இல்லை. மாதம் ஒருநாள் அந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கட்டிப் பார்க்க வேண்டும்.

கிட்லேப் கம்பெனி ஒரு நல்ல காரியம் செய்தது. நடந்ததை மறைக்கவில்லை. மீட்பு வேலையை உலகமே பார்க்கும்படி நேரடியாக ஒளிபரப்பியது. பிறகு நடந்ததை நடந்தபடி எழுதி வெளியிட்டது. என்ஜினீயரின் தலையில் பழியைப் போட்டு ஒதுங்கவில்லை. எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறோம் என்பது திரையிலேயே பளிச்சென்று தெரியும்படி செய்யவும், தகவல் பாதுகாப்புக்கு ஒரு பொறுப்பாளரை வைக்கவும் திட்டமிட்டது. மூடி வைத்த கம்பெனி பட்ட பாட்டையும், திறந்து சொன்ன கம்பெனி பெற்ற பாடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

களைத்த மனிதன் தவறு செய்வான். அதைத் தடுக்க முடியாது. அந்தத் தவறு ஊரை அழிக்காமல் பார்த்துக்கொள்ளவே காப்பு. காப்பு இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் "இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எந்தத் தேதி என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால், இன்றே திறந்து பார்ப்பது நல்லது.