மலையறிவுக்கு ஆய்வும் வேண்டும், உரிமையும் வேண்டும்!

ஏற்காட்டிற்குச் செல்வோர் ஏரியையும் குளம்பித் தோட்டங்களையும் கண்டு திரும்புவர். மஞ்சக்குட்டை போன்ற சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் வாழும் மலையாளி மக்களை நோக்குவார் சிலரே. பெயர் கண்டு அவர்களைச் சேரநாட்டார் என மயங்கற்க! அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியோர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி.

கடுக்காய், நெல்லி, தான்றி முதலிய மருந்துக் கனிகளை அறிந்த மலைமக்களின் அறிவைப் படித்தவர்கள் இருவகையாய்ப் பழிக்கின்றனர். ஒருசாரார், மேலைநாட்டான் ஒப்பாத எதுவும் மருந்தன்று என்பர். மற்றொரு சாரார், முன்னோர் மொழிந்தபின் ஆய்வெதற்கு என்பர். முன்னது அடிமைத்தனம், பின்னது சோம்பல்.

கனியைக் காயவைத்துப் பொடித்து, நீரிலும் எரிசாராயத்திலும் தனித்தனியே ஊறவைத்து வடித்துச் சாறு எடுக்கின்றனர். நுண்ணுயிர் வளரும் தட்டில் அதனை இட்டு, எவ்வளவு பரப்பில் வளர்ச்சி அற்றுப்போகிறது என அளக்கின்றனர். ஆயினும், தட்டில் நுண்ணுயிரைக் கொன்றது உடலிலும் நோய் தீர்க்கும் என்பது உறுதியன்று. நச்சுத்தன்மை உண்டா, எவ்வளவு கொடுப்பது என்பவற்றை உயிரிகளிலும், பின்னர் மாந்தரிடத்தும் ஆய்ந்த பின்னரே அது மருந்தாகும். காமாலைக்குக் கீழாநெல்லி தருவது நம் வழக்கம். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் கல்லீரல் அழற்சி நச்சுயிரியை அது நீக்குவதாக வெளியிட்டனர். பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அப்பயன் அவ்வாறு கிட்டவில்லை. இதனால் கீழாநெல்லிக்கு இழிவில்லை. மீண்டும் மீண்டும் ஆய்தலே அறிவு.

ஆய்வு முடிந்தபின் பயன் யாருக்கு? 1987இல் பொதிகை மலையில் அறிவியலாளர்க்கு வழிகாட்டிய காணிக்காரர்கள், சிறு கனிகளைத் தின்று களைப்பின்றி நடந்தனர். ‘ஆரோக்கியப் பச்சை’ எனப்படும் அச்செடியைப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டல நிலைத்திணைத் தோட்ட ஆய்வு நிறுவனம் ஆய்ந்து, களைப்பு நீக்கும் மருந்தொன்றை ஆக்கியது. கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்கு அதன் உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 இலக்கம் உருபா. விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு. அவற்றிற் பாதி காணிக்காரர்க்கென ஒதுக்கப்பட்டு, 1997இல் அறக்கட்டளையும் அமைந்தது. பாராட்டத்தக்க செயலே! ஆனால் பங்கின் அளவை வகுத்தோர் காணிக்காரர் அல்லர். மருந்திற்குச் சூட்டிய பெயரோ ‘சீவனி’ என்னும் வடசொல்! கனியைக் காட்டிய மக்களின் மொழிக்கு அதன் பெயரிலும் இடமில்லை.

2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மக்கள் பதிவேடு எழுதப்படல் வேண்டும். மஞ்சக்குட்டையின் பதிவேடு மலைமக்கள் வாய்ச்சொல்லாலேயே, தூய தமிழில் எழுதப்படுக! இன்ன கனி, இன்ன பருவம், இன்ன நோய், சொன்னவர் இன்னார் என்பவை அதில் இடம்பெறுக! அவர்தம் ஒப்புதலின்றி ஒரு காயும் ஆய்வுக்கூடம் செல்லலாகாது. ஆய்வின் முடிவு, நன்றாயினும் அன்றாயினும், முதற்கண் அவர்களுக்குத் தமிழில் சொல்லப்படல் வேண்டும். ஆங்கில இதழில் அச்சேறி, கனி தந்தவர்க்கே எட்டாத அறிவு களவினும் வேறன்று.

தமிழாசிரியர்களே, இளைஞர்களே! மலையேறுங்கள்; ஏரியைக் காண்பதற்கன்று, எழுதுவதற்கு! முதியோர் ஒருவர் மறையுந்தோறும் எழுதப்படாத ஏடு ஒன்று எரிகின்றது.