காற்றில் காலியாய்க் கிடக்கும் இடம்

நம் பெரியத்தா பாலவாக்கத்தில் வாழ்கிறார். முப்பதாண்டுக்கும் மேலாகத் தமிழாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் அவருடைய விழித்திரையைச் சிறிது சிறிதாகத் தின்று தீர்த்துவிட்டது. இப்போது சன்னல் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும். சன்னலுக்கு வெளியே யார் நிற்கிறார் என்பது தெரியாது. அஸர் தொழுகைக்குப் பின் அவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவதை வழக்கமாகக் கொண்டுள்ளோம். கல்லூரித் தேர்வுக் காலங்களில் இவ்வழக்கம் பிறழும். அத்தகைய ஒரு நாளில், "வானொலியில்தான் வேளைக்கு வேளை செய்தி சொல்கிறார்களே, பெரியத்தா" என்று நம் குற்ற உணர்வை மறைக்கச் சொல்லி வைத்தோம். அவர் சினக்கவில்லை. "செய்தியைக் கேட்கிறேன் தம்பி, செய்தித்தாளைக் கேட்க முடியவில்லையே" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் நமக்குச் சற்றுத் தாமதமாகவே விளங்கிற்று. பத்து நிமிடச் செய்தியறிக்கை, யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்துத் தருவது. செய்தித்தாளோ ஒரு முழு ஊர். அதில் ஆசிரியருக்குக் கடிதம் உண்டு. நூல் மதிப்புரை உண்டு. தங்கத்தின் விலை உண்டு. உடன் பணியாற்றிய ஒருவர் மறைந்த செய்தி, கட்டம் கட்டிய சிறு விளம்பரமாய் ஒரு மூலையில் உண்டு. கண்ணுள்ளோர் இவற்றை அரைமணி நேரத்தில் மேய்ந்து விடுகிறோம். கண்ணிழந்தவர்க்கு மற்றவர் நேரம் ஒதுக்கினால்தான் உண்டு. பார்வையோடு சேர்த்துத் தம் விருப்பப்படி படிக்கும் உரிமையையும் அவர்கள் இழந்து விடுகிறார்கள்.

இதனை ஆசிரியர் அறையில் பேசிக் கொண்டிருந்தபோது, இயற்பியல் துறை நண்பர் ஒருவர் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினார். தமிழ் படித்த நமக்கு அது புதிய பாடம். நமக்கு விளங்கிய அளவில் ஈண்டுத் தருகிறோம். பிழையிருப்பின் அது நம்முடையது, அவருடையதன்று.

பண்பலை நிலையம் ஒன்று அனுப்பும் பாட்டும் பேச்சும் 15 கிலோஹெர்ட்ஸ் என்னும் எல்லையோடு நின்றுவிடுகின்றன. ஆனால், அந்நிலையத்தின் ஊர்தி அலையோ ஏறத்தாழ 100 கிலோஹெர்ட்ஸ் வரை சுமக்க வல்லது. 19இல் ஒரு வழிகாட்டி ஒலி நிற்கும். 38ஐ நடுவாகக் கொண்டு, 53 வரை, இடச்செவிக்கும் வலச்செவிக்கும் ஒலியைப் பிரித்தளிக்கும் பகுதி அமையும். அதற்கும் மேலே இடம் காலி. அங்கே 57இல் ஓடும் மெல்லிய துணை ஊர்தி அலையில் எழுத்துச் செய்தி ஏற்றலாம். மகிழுந்தின் வானொலியில் நிலையத்தின் பெயர் எழுத்தாய்த் தோன்றுவது இவ்வழியாகவே. 67இலும் 92இலும் இன்னும் இரண்டு துணை அலைகளை அமைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தனிக்குரலை அனுப்பலாம். சாதாரண வானொலிப் பெட்டி இவற்றைக் கேட்பதேயில்லை. பிரித்தெடுக்கும் சிறு கருவி பொருத்திய பெட்டிக்கு மட்டும் அவை கேட்கும். மேலே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதே அலையின் அடியில் வேறொருவர் நூல் படித்துக் கொண்டிருப்பார்.

நண்பர் இதனை விளக்கியபோது நம் நினைவுக்கு வந்தவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் சதாவதானம் நிகழ்த்தினார். ஈற்றடி கொடுப்போர் ஒருபுறம், மணியொலிப்போர் ஒருபுறம், முதுகில் பொருள் எறிவோர் ஒருபுறம் எனப் பலரும் ஒரே நேரத்தில் வினவ, ஒன்றோடொன்று கலவாமல் அத்தனையையும் ஒரே நெஞ்சில் தாங்குவதே அவதானக் கலை. அலையும் ஒருவகை அவதானிதான் போலும்.

இத்துணை அலைகளை உலகம் எவ்வாறு பயன்படுத்தியது? அமெரிக்காவில் 1955இல் இதற்கு அனுமதி பிறந்தது. முதலில் நுழைந்தது வணிகமே. கடைகளிலும் உணவகங்களிலும் இடைவிடாது இசைக்கும் விளம்பரமற்ற பின்னணி இசை இவ்வழியே விற்கப்பட்டது. 1980களில் உழவர்க்கு விளைபொருள் விலை நிலவரம் இதன் வழியே சென்றது. குடியேறிய சிறுபான்மை மக்கள், பெரிய நிலையத்தில் இடம் கிடைக்காத தங்கள் மொழிகளை இந்தத் துணை அலைகளில் பேசிக் கொண்டார்கள்.

ஆயினும் நம் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. 1969 ஜனவரி 2 அன்று மின்னசோட்டா மாநிலத்தில், பார்வையற்றோர்க்காகப் பேசும் நூல் வானொலி ஒன்று துணை அலையிலே தொடங்கிற்று. தன்னார்வலர்கள் அன்றைய செய்தித்தாளையும் புதிய நூல்களையும் முழுமையாகப் படிக்க, பார்வையற்றவர் தம் வீட்டிலிருந்தே கேட்டார். இது பின்னர் அந்நாட்டின் பல மாநிலங்களுக்கும் பரவியது. கேட்போர்க்குப் பெட்டி இரவலாக அளிக்கப்பட்டது. அதில் நிலையம் தேட வேண்டியதில்லை. ஒலியைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு, அவ்வளவே. பதிப்புரிமை உடையோர் இதனைப் பொறுத்துக் கொண்டமைக்கும் இந்தப் பூட்டிய பெட்டியே ஒரு காரணம். நூல் ஊருக்கெல்லாம் ஒலிபரப்பாகவில்லை; படிக்க இயலாதவர் செவிக்கு மட்டுமே சென்றது.

இனி நம் ஊர்க்கதை. இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கிய நகரம் நம் சென்னையே. நாள் 1977 ஜூலை 23. அவ்வகையில் இந்நாட்டின் பண்பலைக்கு மூத்த பிள்ளை நாம். 1990களில் அகில இந்திய வானொலி தன் பண்பலையின் துணை அலையில் ஒரு சேவையைச் சுமக்கவும் செய்தது. அது பேஜர் சேவை. இடுப்பில் செருகிய சிறு பெட்டி கூவும். பார்த்தால் ஒரு தொலைபேசி எண் இருக்கும். அதைக் கண்டதும் தொலைபேசிக் கடை தேடி ஓடிய தலைமுறை நம்முடையது. கைப்பேசி வந்தது, பேஜர் போயிற்று. வணிகம் காலி செய்த வீட்டில் வேறு யாரையும் குடிவைக்க நமக்குத் தோன்றவில்லை.

இதனைக் குறையாகச் சொல்வதற்கு நமக்கு உரிமை உண்டு. 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. 1990இல் இயற்றப்பட்டு 1997இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டத்தின் 12ஆம் பிரிவு, குழந்தைகள், பார்வையற்றோர், முதியோர் முதலியோரின் நலன் காக்கத் தனி முயற்சி எடுப்பதை அந்நிறுவனத்தின் நோக்கங்களுள் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. பதிப்புரிமைத் தடையும் நீங்கிவிட்டது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றித் தருதல் குற்றமன்று. இதே நோக்குடைய மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். சட்டம் இருக்கிறது, அலை இருக்கிறது, கேட்கச் செவிகளும் இருக்கின்றன. கேட்டு வாங்குவோர்தாம் இல்லை.

"கைப்பேசி வந்தபின் இந்தப் பழங்கதை எதற்கு?" என்று நம் துறையிலேயே ஓர் இளைய நண்பர் கேட்டார். தள்ளிவிடத்தக்க வினா அன்று இது. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் இன்று தமிழும் பேசுகின்றன. 2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் பலர்க்குப் பயன்படுகிறது. நம் கல்லூரிப் பார்வையற்ற மாணவர்கள் கைப்பேசியை இயக்கும் வேகத்தைக் கண்டு நாம் வியந்து நின்றதுண்டு. மேலைநாட்டுப் படிப்பு வானொலிகளிலும் பல இணையத்தை நாடியுள்ளன.

ஆயினும் அந்த மாணவர்கள் இளையோர். எழுபது வயதில் பார்வை இழந்தவர், வழுக்கும் கண்ணாடித் திரையில் எவ்விடத்தைத் தொடுவார்? நம் பெரியத்தாவுக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அது அலமாரிக்குள் போயிற்று. திருகு உள்ள வானொலி மட்டும் தலைமாட்டில் இருக்கிறது. மேலும், தமிழில் அச்சானவற்றுள் பெரும்பகுதி, ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் கோத்த கோப்புகளாகவோ வெறும் படங்களாகவோ கிடக்கின்றன. அக்கோப்பைப் படிக்கச் சொன்னால் எந்திரம் ஏதேதோ உளறுகிறது. மனிதர் படித்தால் அந்த இடர் இல்லை.

மழைக்காலத்தையும் மறந்துவிடலாகாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது, பாலவாக்கத்தில் மரங்கள் சாய்ந்து, மின்சாரம் போய், கைப்பேசிகள் உயிரற்றுக் கிடந்தன. கடற்கரைச் சாலை மின்கம்பங்கள் நிமிர நாள்கள் ஆயின. அவ்விருளில் அவ்வீட்டில் பேசிக் கொண்டிருந்தது இரண்டு பாட்டரியில் ஓடும் அச்சிறு பெட்டி ஒன்றே.

மெய்யான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. அதனை மறைப்பது அறமன்று. துணை அலையைப் பிரித்தெடுக்கும் பெட்டி நம் கடைவீதியில் கிடைப்பதில்லை. பெட்டியில்லாச் சேவை, கிணறு வெட்டிக் கயிறு மறந்த கதை. அகில இந்திய வானொலி பெரும்பொருட் செலவில் நிறுவிய டிஜிட்டல் ஒலிபரப்பு இதற்குச் சான்று. அதில் ஒலியோடு எழுத்தும் அனுப்பலாம், ஆனால் அதைக் கேட்கும் பெட்டியை எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறோம்? துணை அலைக்குரல் பாட்டுக்கு ஏற்றதன்று, பேச்சுக்கு மட்டுமே போதும் என்பதையும், முதன்மை ஒலி எட்டும் தொலைவுக்கு அது தெளிவாய் எட்டாது என்பதையும் இயற்பியல் நண்பர் ஒளிக்காமல் கூறினார். பாலவாக்கம், மயிலாப்பூர், அடையாறு போன்ற நகர்ப்பகுதிகளுக்கு அது தடையாகாது என்பது அவர் கருத்து. பெட்டியைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். 565 என்னும் எண்ணுடைய சில்லு ஒன்று பல பத்தாண்டுகளாக உண்டாம். 67 கிலோஹெர்ட்ஸ் துணை அலையைப் பிரிக்கும் சுற்றுப்படம் அதன் விளக்கத்தாளிலேயே அச்சாகியிருக்கிறதாம். ஆய்வுகூட மாணவர்க்கு அது ஒரு பருவத்துச் செய்முறை வேலையே என்றார். ஆண்டுதோறும் பழைய செய்முறைகளையே நகலெடுத்துக் கொடுக்கும் மாணவர்கள் இதனைக் காதில் வாங்கிக் கொள்ள வேண்டும்.

பெட்டி அவர்கள் பங்கு எனின், குரல் நம் பங்கு. அச்சைப் பிழையறப் படிக்கவும், ழகர லகர ளகரங்களை அவற்றின் இடத்தில் ஒலிக்கவும் தெரிந்தவர்கள் தமிழ்த்துறையில் இல்லாவிடில் வேறெங்கே இருப்பார்கள்? (பண்பலை நிலையங்களில் ழகரம் படும் பாட்டை விரித்தால் இம்மலர் போதாது.) படிப்பவர் தம் கருத்தைச் சேர்க்கலாகாது, பிடிக்காத தலையங்கத்தையும் அதே குரலில் படித்தல் வேண்டும். தமிழ் மாணவர்க்கு இதனினும் நல்ல பயிற்சி யாது? கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்தவர் வள்ளுவர். அந்தகக்கவி வீரராகவ முதலியார் முதுகில் எழுதச் செய்தே எழுத்தறிந்தார் என்பது வழிவழிச் செய்தி. அவருக்கு எழுதிக் காட்ட ஒரு விரல் கிடைத்தமையால் நமக்கு ஒரு புலவர் கிடைத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முஅத்தின்களுள் ஒருவரான இப்னு உம்மி மக்தூம் (ரலி) பார்வையற்றவர். பொழுது விடிந்ததெனப் பிறர் சொல்லவே அவர் பாங்கு சொல்வார். கண் ஒருவருடையது, குரல் ஒருவருடையது.

ஆதலின் நாம் கேட்பது பெரிதன்று. சென்னைப் பண்பலை நிலையம் ஒன்றில் ஒரு துணை அலை. ஓராண்டுச் சோதனைக்கு, நாள்தோறும் நான்கு மணி நேரம். அனுமதி கிடைக்கும் வரை கைகட்டி நிற்கவும் வேண்டுவதில்லை. 2004 பிப்ரவரி முதல் நாள் அண்ணா பல்கலைக்கழகத்தில் வளாக வானொலி தொடங்கியபின், இந்நகரில் கல்லூரி வானொலிகள் சில எழுந்துள்ளன. அவற்றிடம் வாரம் ஒரு மணி நேரம் கேட்கலாம். பலர்க்கும் பொதுவான ஒலிபரப்பில் நாள்தோறும் பல மணி நேரம் செய்தித்தாள் படிக்க எவரும் இடங்கொடார். எனினும் குரல் பழகுவதற்கு அது போதும்.

பிரசார் பாரதிக்கு அனுப்பும் விண்ணப்பம் எழுதி முடிந்தது. சமுதாயப் பெரியவர்கள் கையொப்பமிட்டால் அதற்கு எடை கூடும். பெரியத்தாவிடம் படித்துக் காட்டினோம். இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்தினார். பிறகு, "மரண அறிவிப்பும் படிப்பார்களா, தம்பி?" என்று கேட்டார். படிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறோம்.

படிக்க முன்வரும் மாணவ மாணவியர் தமிழ்த்துறை அலுவலகத்தில் பெயர் தரலாம். அன்றைய செய்தித்தாள் ஒன்றைக் கையோடு கொண்டு வருக. குரல் தேர்வு அங்கேயே நடைபெறும்.