மருத்துவப் பணிக்கான இரண்டாவது பட்டம்: செலவை ஏற்க வேண்டியது யார்?

விலங்கியலிலோ வேதியியலிலோ இளநிலைப் பட்டம் பெற்று, அதற்கேற்ற வேலை கிடைக்காமல், பின்னர் செவிலியர் படிப்புக்கோ பிசியோதெரபி படிப்புக்கோ வர விரும்பும் இளைஞர்கள் நாடெங்கும் இருக்கின்றனர். செவிலியர்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லை என்பதை ஒன்றிய அரசும் மறுப்பதில்லை. 1,570 கோடி ரூபாய் செலவில் 157 புதிய செவிலியர் கல்லூரிகளைத் தொடங்க 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால், ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றுவிட்ட ஏழை மாணவி அந்தக் கல்லூரியின் வாசலுக்கு வந்தால், அரசின் கல்வி உதவி விதிகள் அவரைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பங்களின் மாணவர்களுக்கு, படிப்புக் காலத்தில் கல்விக் கடனுக்கான வட்டியை ஏற்கும் ஒன்றிய அரசின் திட்டம் ஒன்று உள்ளது. இச்சலுகை ஒருவருக்கு ஒரு முறை மட்டுமே. அதுவும் முதல் இளநிலைப் பட்டத்துக்கோ முதுநிலைப் படிப்புக்கோ மட்டுமே. இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்கு இடமில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் நிலையும் இதுவே. 2.5 லட்சம் ரூபாய் வருமான வரம்புக்குள் இருந்தாலும், ஒரு கட்டப் படிப்பை முடித்துவிட்டு அதே கட்டத்தில் வேறு பாடம் படிப்போருக்கு அது கிடைக்காது. ஒரு தொழிற்கல்வியை முடித்து மற்றொரு தொழிற்கல்விக்குச் செல்வோருக்கும் கிடைக்காது.

2024 நவம்பரில் ஆரவாரத்துடன் அறிவிக்கப்பட்ட பிரதமர் வித்யாலட்சுமி திட்டமோ உதவித்தொகை அன்று, கடன். அதுவும் தரவரிசையில் முன்னிற்கும் 860 கல்வி நிறுவனங்களை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. மாவட்டத் தலைநகரங்களில் இயங்கும் சாதாரண செவிலியர் கல்லூரிகளின் மாணவிகளுக்கு அதனால் என்ன பயன்?

எஞ்சியிருப்பது வங்கிக் கடன். 5 லட்சம் ரூபாயைப் 10 சதவீத வட்டியில் பத்தாண்டுகளில் அடைக்க வேண்டுமானால், மாதத் தவணை 6,600 ரூபாயைத் தாண்டும். தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் ஊதியம் குறித்து உச்சநீதிமன்றம் 2016 ஜனவரியில் அளித்த உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனைகளிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் வழங்கப் பரிந்துரைத்தது. அந்தத் தொகை முழுமையாகக் கிடைத்தாலும் மூன்றில் ஒரு பங்கு தவணைக்கே போய்விடும். பரிந்துரை நடைமுறைக்கு வராத இடங்களில் நிலைமையைச் சொல்லவே வேண்டியதில்லை.

பணியில் இருந்துகொண்டே அடுத்த தகுதியைப் பெற விரும்புவோரிடமும் இதே பாகுபாடு காட்டப்படுகிறது. ஒன்றிய அரசின் விடுப்பு விதிகள், ஐந்தாண்டுப் பணி முடித்த நிரந்தர ஊழியருக்கு 24 மாதங்கள் வரை ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பை அனுமதிக்கின்றன. ஒப்பந்த ஊழியர்களுக்கு, ஒப்பந்தத்திலேயே தனியாகக் குறிப்பிடப்பட்டாலன்றி, இவ்விதிகள் பொருந்தா. தேசிய சுகாதார இயக்கத்தில் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் உழைக்கும் ஜிஎன்எம் பட்டயச் செவிலியர், இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பட்டம் படிக்க விரும்பினால் வேலையையே இழக்க நேரிடும்.

முதல் பட்டமே எட்டாதவர்கள் லட்சக்கணக்கில் இருக்கையில் இரண்டாவது பட்டத்துக்கு ஏன் பொதுப்பணம் என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்விதான். ஆனால், முதல் பட்டம் எல்லோருக்கும் சொந்தத் தேர்வாக அமைவதில்லை. செவிலியர் கல்லூரிக் கட்டணம் கட்ட இயலாமல், அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் கிடைத்த பாடத்தில் சேர்ந்த கூலித் தொழிலாளியின் மகளிடம், ‘உன் வாய்ப்பு முடிந்துவிட்டது’ என்று அரசு சொல்கிறது. பணம் படைத்தவரோ நிர்வாக ஒதுக்கீட்டில் இரண்டாவது பட்டமும் பெறலாம், மூன்றாவதும் பெறலாம். ‘ஒரு முறை மட்டும்’ என்ற விதி அவரைத் தடுப்பதே இல்லை. உதவி தேவைப்படுவோரை மட்டுமே அது தடுக்கிறது.

நிதி இல்லை என்ற வாதமும் நிற்காது. பொதுச் சுகாதாரத்துக்கான அரசுச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையில் வாக்குறுதி அளித்தது இதே அரசுதான். அதைக் காற்றில் பறக்கவிட்டவர்கள், முதல் பட்ட மாணவரையும் இரண்டாம் பட்ட மாணவரையும் ஒரே ரொட்டித் துண்டுக்காக மோதவிடுகின்றனர்.

இந்தியச் செவிலியர்களைப் பெருமளவில் வேலைக்கு அழைக்கும் இங்கிலாந்தின் அனுபவமும் பாடமாகும். அங்கு 2017இல் செவிலியர் மாணவர்களின் உதவித்தொகை நிறுத்தப்பட்டுக் கடன்முறை புகுத்தப்பட்டது. விண்ணப்பங்கள் சரிந்தன. 2020இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு உதவித்தொகையை மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. அந்தக் கடன்முறையில்கூட, ஏற்கெனவே பட்டம் பெற்றவர் செவிலியர் படிப்புக்கு வந்தால் கடன் மறுக்கப்படக் கூடாது என விதிவிலக்கு வழங்கப்பட்டது. சந்தைப் பொருளாதாரத்தின் தாயகமே கண்டுகொண்ட உண்மையை தில்லி ஆட்சியாளர்கள் காண மறுக்கின்றனர்.

2021 மே மாதத்தில் கொரோனா இரண்டாம் அலை பரவியபோது, பிஎஸ்சி மற்றும் ஜிஎன்எம் செவிலியர்களை முழுநேரப் பணிக்கு அரசு அழைத்தது. நோயாளியின் படுக்கையருகே நிற்பவர் பெற்றது முதல் பட்டமா இரண்டாவது பட்டமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

எனவே, வட்டி மானியத்திலும் உதவித்தொகையிலும் உள்ள ‘ஒரு முறை’ நிபந்தனையிலிருந்து செவிலியர் மற்றும் துணை மருத்துவப் படிப்புகளுக்கு விலக்கு அளிக்கப்பட வேண்டும். ஒப்பந்தச் செவிலியர்களுக்கு ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பு சட்ட உரிமையாக வேண்டும். புதிய கல்லூரிகளில் கட்டணமில்லா இடங்கள் உறுதி செய்யப்பட வேண்டும். படித்து வருவோருக்கு நிரந்தரப் பணியும் நியாயமான ஊதியமும் வேண்டும். இவை மாணவர்களின் கோரிக்கைகள் மட்டுமல்ல. அரசு மருத்துவமனையை நம்பியிருக்கும் ஒவ்வொரு ஏழைக் குடும்பத்தின் கோரிக்கைகளும் இவையே. மாணவர் அமைப்புகளும் செவிலியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கரம் கோத்துப் போராடினால்தான் இவற்றை வென்றெடுக்க முடியும்.